மண்ணின் தந்தை பிர்சா முண்டா

சோட்டா நாகபுரிப் பீடபூமியில் முண்டா இன மக்கள் வாழும் பழைய ஊர்களில், மரநிழலில் பெரிய பாறைப் பலகைகள் கிடத்தப்பட்டிருப்பதைக் காணலாம். சிறு கற்களின்மீது தாங்கப்பட்டுத் தரையிலிருந்து சற்றே உயர்ந்து நிற்கும் அப்பலகைகளுக்குச் சசன்திரி என்று பெயர். அவற்றின் அடியில் அந்தக் குடியின் முன்னோர்களுடைய எலும்புகள் இருக்கின்றன. ஒருவர் இறந்தால் அவருடைய எலும்புகளைப் பேணி வைத்திருந்து, உரிய நாளில் உற்றார் அனைவரும் கூடி, தம் குலத்துக்குரிய பலகையின் கீழ் அவற்றைச் சேர்ப்பார்கள். இறந்தவரின் நிழலுக்கும் ஒரு சடங்கு உண்டு. அதை வெளியே அனுப்பிவிடுவதில்லை. மீண்டும் வீட்டுக்குள் அழைத்து வருகிறார்கள். ஆதிங் எனப்படும் உள்ளறையில் அதற்கு இடம் தரப்படுகிறது. அன்றுமுதல் அந்த மூதாதை குடும்பத்தோடு குடும்பமாக அங்கேயே வாழ்வதாக நம்பிக்கை. ஆண்டுக்கொரு முறை திதி கொடுத்து முன்னோரை வழியனுப்பும் வழக்கமுடைய நமக்கு, அவர்களை வழியனுப்பவே மனமில்லாத இந்த அன்பு வியப்பளிக்கக்கூடும்.

இக்கற்கள் நினைவுச் சின்னங்கள் மட்டுமல்ல. நிலத்தின் பத்திரங்களும் அவையே. எவருடைய முன்னோரின் எலும்புகள் ஓர் ஊரின் சசன்திரியின் கீழ் உள்ளனவோ அவரே அவ்வூரில் உரிமையுள்ள குடி. காட்டை முதன்முதலாக வெட்டித் திருத்தி ஊர் அமைத்த குடும்பத்தின் வழியில் வந்தவர்கள் அனைவரும் அந்த நிலத்துக்குக் கூட்டாக உரியவர்கள். இம்முறைக்குக் குந்த்கட்டி என்று பெயர். ஊருக்கு ஒரு தலைவர். அவரும் முண்டா என்றே அழைக்கப்படுவார். தெய்வ காரியங்களுக்குப் பாஹன் என்ற பூசாரி. பல ஊர்கள் சேர்ந்தது ஒரு பட்டி. அதற்குத் தலைவர் மான்கி. காட்டைத் திருத்தும்போது ஒரு பகுதியை மட்டும் கோடரி படாமல் விட்டுவிடுவார்கள். சர்னா எனப்படும் அந்தச் சோலை ஊர்த் தெய்வங்களின் இருப்பிடம். சால மரம் பூக்கும் காலத்தில் சர்ஹுல் திருவிழா அங்கே நடக்கும். இவ்வாறு காடு, வயல், முன்னோர், தெய்வம் ஆகிய நான்கும் ஒரே முடிச்சில் பிணைந்திருந்தன. ஒன்றைப் பறித்தால் நான்கும் போய்விடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதுதான் நிகழ்ந்தது.

உரிமை பறிபோன கதை நீண்டது. நாகவம்சத்து அரசர்கள் தம் அரசவைக்கு வந்த வெளியாருக்கு ஊர்களை மானியமாக வழங்கினார்கள். ஆங்கிலேயரின் நிலவரிச் சட்டங்கள் வந்தபின், மானியம் பெற்றவர்கள் நிலச்சுவான்தார்களாகவும், காட்டைத் திருத்தியவர்களின் பேரப் பிள்ளைகள் அவர்களுடைய குத்தகைக் குடிகளாகவும் ஆனார்கள். ஜாகீர்தார்கள், டிக்காதார்கள், வட்டிக் கடைக்காரர்கள் என்று ஒருவர் பின் ஒருவராக வந்தனர். இவர்கள் அனைவரையும் திக்குகள், அதாவது அயலார், என்று மக்கள் அழைத்தனர். கூலி இல்லாமல் உழைக்கும் வெட்டி வேலை, பேட்-பேகாரி என்ற பெயரில் அவர்கள்மீது சுமத்தப்பட்டது. நீதிமன்றத்துக்குப் போனால் அங்கே பேசப்படும் மொழி புரியாது. காட்டுவதற்குக் காகிதமும் கிடையாது. கல்லைச் சாட்சியாக ஏற்கும் நீதிமன்றம் அந்நாளில் இல்லை.

1831-32-ஆம் ஆண்டுகளில் கோல் கிளர்ச்சி வெடித்து அடக்கப்பட்டது. 1850-களின் இறுதியிலிருந்து சர்தார்கள் எனப்பட்ட முண்டாத் தலைவர்கள் வேறு வழியை நாடினார்கள். விண்ணப்பம்மேல் விண்ணப்பம் எழுதினார்கள். ஆணையர், லெப்டினன்ட் கவர்னர், வைஸ்ராய், லண்டன் என்று அவை மேலே மேலே சென்றன. 1869-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நிலங்களைப் பதிவு செய்ய முற்பட்டதும் உண்மை. ஆனால் இழந்தவற்றில் மிகச் சிறு பகுதியே அதனால் மீண்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒரு மக்கட்கூட்டம் சட்டத்தின் கதவைப் பொறுமையோடு தட்டியது. வில்லும் அம்பும் எப்போதும் கையில் இருந்தவர்கள் அவர்கள் என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

வியாழக்கிழமைக் குழந்தை

இத்தகைய காலத்தில் சுகனா முண்டா, கர்மி ஆகிய ஏழைப் பெற்றோருக்குப் பிர்சா பிறந்தார். ஊர் உலிஹாத்து, இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் குந்தி மாவட்டத்தில் உள்ளது. 1875-ஆம் ஆண்டு நவம்பர் 15 அவருடைய பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. வியாழக்கிழமை பிறந்ததால் குருவாரத்தின் பெயரையொட்டி அவருக்குப் பிர்சா என்று பெயரிட்டார்கள் என்பது வழிவழிச் செய்தி. நாட்காட்டியைக் கணக்கிட்டுப் பார்த்தால் அந்நாள் திங்கட்கிழமையாக வருகிறது. தேதியை எழுதி வைக்கும் வழக்கமில்லாத ஒரு குடும்பத்தில், பின்னாளில் பிறர் குறித்த தேதியைவிடத் தாய் நினைவில் வைத்திருந்த கிழமை நம்பத்தக்கதாக இருக்கலாம்.

குடும்பம் வறுமையில் இருந்தது. பிழைப்புத் தேடிச் சல்காட் என்னும் ஊருக்குப் பெற்றோர் குடிபெயர்ந்தனர். சிறுவன் சில காலம் தாய்வழி உறவினர் வீட்டில் அயுப்ஹாத்துவில் வளர்ந்தான். ஆடு மேய்த்தான். புல்லாங்குழலிலும், சுரைக்குடுக்கையில் செய்த துயிலா என்னும் ஒற்றை நரம்புக் கருவியிலும் அவனுக்குத் தேர்ச்சி இருந்தது. ஊரின் ஆடற்களமாகிய அகாராவில் அவன் குழலிசை விரும்பிக் கேட்கப்பட்டது. சல்காவில் ஜெய்பால் நாக் என்பவர் நடத்திய சிறு பள்ளியில் எழுத்தறிவு பெற்றான்.

பையனின் கூர்மையைக் கண்டவர்கள் அவனை மேலே படிக்க வைக்க விரும்பினார்கள். புர்ஜுவில் இருந்த ஜெர்மன் மிஷன் பள்ளியிலும், அதன்பின் சாய்பாசாவிலும் அவன் கல்வி தொடர்ந்தது. குடும்பத்தார் முன்பே கிறிஸ்தவத்தைத் தழுவியிருந்தனர். பிர்சாவும் ஞானஸ்நானம் பெற்று தாவீது என்ற பெயரையும் ஏற்றான். 1886 முதல் 1890 வரை சாய்பாசாவில் வாழ்ந்த ஆண்டுகள் அவனுக்கு ஓரளவு ஆங்கிலத்தையும், விவிலியக் கதைகளையும், நகரத்து அரசியலையும் அறிமுகப்படுத்தின. இழந்த நிலம் மீளும் என்ற நம்பிக்கையோடு மிஷனை அண்டியவர்கள் முண்டாக்களில் பலர். அந்த நம்பிக்கை தளர்ந்தபோது சர்தார்கள் மிஷனிலிருந்து விலகினார்கள். மிஷன் போதகர்கள் சர்தார்களைக் கண்டித்தார்கள். பதினைந்து வயது மாணவன் சர்தார்களின் பக்கம் பேசினான். பள்ளியிலிருந்து வெளியேற நேர்ந்தது. அரசு அதிகாரியும் மதபோதகரும் அணியும் தொப்பி ஒன்றே என்ற சர்தார்களின் கசப்பான கருத்து அவன் மனத்தில் ஆழப் பதிந்தது.

இக்கசப்பு முழு உண்மையா என்பது வேறு கேள்வி. அதே மிஷன்களில் முண்டாக்களுக்காக நீதிமன்றப் படியேறியவர்களும் இருந்தார்கள். அதற்குப் பின்னால் வருவோம்.

பந்த்காவில் பெற்ற பயிற்சி

பள்ளியை விட்ட பிர்சா பந்த்காவ் என்னும் ஊரில் ஆனந்த் பாண்டே என்பவரிடம் சேர்ந்தார். ஜமீன்தார் ஒருவரிடம் கணக்கராக இருந்த இவர் வைணவப் பழக்கவழக்கங்களில் ஊறியவர். அவருடைய தொடர்பால் இராமாயண, மகாபாரதக் கதைகளைப் பிர்சா கேட்டறிந்தார். பூணூல் அணிந்தார், துளசியைப் போற்றினார், புலால் உண்பதை விட்டார். முண்டா மரபு, விவிலியம், வைணவம் ஆகிய மூன்று ஓடைகள் இந்த இளைஞரின் உள்ளத்தில் கலந்தன. அவரைக் கிறிஸ்தவத்தின் எதிரொலி என்று சிலரும், இந்து சமயச் சீர்திருத்தக்காரர் என்று சிலரும், ஆதி வழிபாட்டின் காவலர் என்று வேறு சிலரும் தத்தம் பக்கம் இழுத்து எழுதியிருக்கிறார்கள். மூன்றும் அவரிடம் உண்டு. ஆனால் எதையும் அவர் வாங்கியபடியே வைத்துக்கொள்ளவில்லை. தம் மக்களின் துயரம் என்ற ஒரே அடுப்பில் இட்டு உருக்கினார்.

இக்காலத்தில்தான் காடும் கைநழுவத் தொடங்கியது. 1878-ஆம் ஆண்டு வனச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த அறிவிப்புகள், ஊர்களை ஒட்டிய காடுகளையும் தரிசுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அரசின் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தன. விறகு பொறுக்குவதும், மாடு மேய்ப்பதும், இலுப்பைப் பூ சேகரிப்பதும் அனுமதிக்கு உட்பட்ட செயல்களாயின. 1893-94-ஆம் ஆண்டுகளில் காட்டுரிமையை மீட்கக் கோரி எழுந்த முயற்சிகளில் பிர்சாவும் பங்குகொண்டார். விண்ணப்பங்கள் பயனற்றுப் போவதைச் சர்தார்களின் வாய்வழி கேட்டிருந்தவர், இப்போது தாமே கண்டார்.

சல்காட்டில் கூடிய கூட்டம்

1895-ஆம் ஆண்டு அவருக்கு வயது ஏறத்தாழ இருபது. ஒரு நாள் நண்பர் ஒருவருடன் காட்டுவழியே செல்லும்போது மின்னல் தாக்கியதாகவும், அக்கணத்தில் அவருடைய முகம் வேறு ஒளி பெற்றதாகவும், சிங்போங்காவின் அருள்மொழி அவருக்குள் இறங்கியதாகவும் மக்கள் சொல்கிறார்கள். முண்டாக்கள் வணங்கும் பரம்பொருளுக்குச் சிங்போங்கா என்று பெயர். கதிரவனைக் குறியீடாகக் கொண்ட கடவுள். நோயுற்ற குழந்தை ஒன்றைப் பிர்சா தொட்டுக் குணப்படுத்தினார் என்ற செய்தி அடுத்துப் பரவியது. பிறகு சல்காட்டை நோக்கிய காட்டுப் பாதைகளில் மக்கள் வரிசை வரிசையாக வரத் தொடங்கினார்கள். நோயாளிகளைக் கட்டிலில் வைத்துச் சுமந்து வந்தார்கள். முண்டாக்கள் மட்டுமின்றி, தமிழுக்கு உறவான குடுக் மொழி பேசும் உராவ்களும், ஏனைய மக்களும் வந்தார்கள். தர்த்தி ஆபா, அதாவது மண்ணின் தந்தை, என்ற பெயர் அவருக்கு அப்போது ஏற்பட்டதே. சிலர் பகவான் என்றே அழைத்தனர்.

அற்புதங்களை நம்புவதும் நம்பாததும் அவரவர் மனப்பாங்கு. ஆனால் வந்தவர்களிடம் அவர் கேட்டவை எவை என்பதைக் கவனிக்க வேண்டும். கடவுள் ஒருவரே, சிறு தேவதைகளுக்கும் ஆவிகளுக்கும் பலியிடுவதை விடுங்கள் என்றார். பேய் பிசாசு அச்சத்தையும் சூனியக்காரர்களைத் தேடி அலைவதையும் கைவிடச் சொன்னார். அரிசிக் கள் அருந்தாமல் இருக்கவும், உடலையும் வீட்டையும் தூய்மையாக வைத்திருக்கவும், திருடாமலும் பொய் சொல்லாமலும் வாழவும், வியாழக்கிழமைகளில் உழவை நிறுத்தி இறைவனை வணங்கவும் கற்பித்தார்.

இவற்றில் பல முண்டா மரபுக்கே எதிரானவை. அரிசிக் கள் இல்லாத சடங்கு அவர்களிடம் இல்லை. முன்னோருக்கு முதலில் படைப்பதும் அதுவே. பலி இல்லாத திருவிழா இல்லை. பழைய வழக்கங்களை அப்படியே காப்பாற்ற எழுந்தவராகப் பிர்சாவைச் சித்திரிப்பது எளிது. ஆனால் அது பொருந்தாது. தம் மக்களை அடிமைப்படுத்தும் கயிறுகளில் ஒரு முனை ஜமீன்தாரிடமும், மறு முனை மக்களின் அச்சத்திலும் குடியிலுமே இருப்பதை அவர் கண்டார். கடனுக்கும் கள்ளுக்கும் உள்ள உறவு அவருக்குத் தெரியும். ஒவ்வொரு நோய்க்கும் ஓர் ஆவியைக் குற்றம் சாட்டி, ஒவ்வோர் ஆவிக்கும் ஓர் ஆட்டைப் பலியிட்டு, ஆட்டுக்காக வட்டிக்கு வாங்கிய குடும்பங்களை அவர் பார்த்திருந்தார். அச்சமற்றவனால் மட்டுமே நிலத்தைக் கேட்க முடியும்.

அதே ஆண்டின் மழைக்காலத்தில் ஒரு பேரழிவு வரப்போகிறது, தம்மைச் சேர்ந்தவர்கள் மட்டுமே பிழைப்பார்கள் என்ற செய்தியும் அவர் பெயரால் பரவியது. மக்கள் விதைப்பதை விட்டார்கள். புத்தாடை உடுத்திச் சல்காட்டில் வந்து குவிந்தார்கள். குறித்த நாள் வந்தது, போனது. அழிவு ஏதும் வரவில்லை. ஆயினும் கூட்டம் குறையவில்லை என்பதுதான் அரசைக் கவலையில் ஆழ்த்தியது. ஒரு முன்னறிவிப்புப் பொய்த்தபின்னும் மக்கள் ஒருவரை விட்டு விலகவில்லை என்றால், அவர்கள் அவரிடம் தேடியது வருங்காலச் செய்தியை அன்று. அதற்குள் அரசுக்கு வரி கட்ட வேண்டாம், மகாராணியின் ஆட்சி முடிந்து முண்டாக்களின் ஆட்சி வரும் என்ற பேச்சும் எழுந்துவிட்டது. சர்தார்களும் அவரைச் சூழ்ந்திருந்தார்கள். நாற்பது ஆண்டு விண்ணப்பம் ஓர் இளைஞரின் வடிவில் நடமாடத் தொடங்கியிருந்தது.

1895 ஆகஸ்ட் 24-ஆம் நாள் இரவு, காவல்துறைத் துணைக் கண்காணிப்பாளர் மியர்ஸ் ஆயுதமேந்திய காவலர்களுடன் சல்காட்டுக்கு வந்தார். உறங்கிக்கொண்டிருந்த பிர்சா கைது செய்யப்பட்டார். மக்கள் முன்னிலையில் விசாரித்தால் அவருடைய தெய்விக மதிப்புக் குலைந்துவிடும் என்று கருதிய அரசு, விசாரணையைக் குந்தியில் வைக்கத் திட்டமிட்டது. ஆனால் திரண்டு வந்த கூட்டத்தைக் கண்டபின் அந்த எண்ணம் கைவிடப்பட்டது. நவம்பரில் 2 ஆண்டுக் கடுங்காவலும் 50 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டு அவர் ஹசாரிபாக் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

சிறைக்குப் பின்

அவர் சிறையில் இருந்த காலத்தில் மழை பொய்த்துச் சோட்டா நாகபுரியைப் பஞ்சம் பீடித்தது. அதோடு வைசூரியும் வந்தது. 1897-ஆம் ஆண்டின் இறுதியில், விக்டோரியா மகாராணியின் வைரவிழாவையொட்டி அவர் விடுதலையானார். வந்தவர் முதலில் செய்தது கிளர்ச்சி அன்று, நோயாளிகளுக்குப் பணிவிடை. சீடர்களோடு ஊர் ஊராகச் சென்று பட்டினியிலும் நோயிலும் வாடியவர்களைக் கவனித்தார்.

அடுத்து முன்னோரின் தலங்களை நாடிய பயணம் தொடங்கியது. தங்கள் மூதாதையர் வழிபட்டவை என்று முண்டாக்கள் நம்பிய சுட்டியா கோயில், ஜகந்நாத்பூர் கோயில், டோய்சாவின் பழைய நவரத்தின மாளிகை ஆகியவற்றுக்குப் பிர்சாவும் தோழர்களும் 1898-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்றார்கள். துளசி, சந்தனம், நீர் ஆகியவற்றைப் புனிதப் பொருள்களாகக் கொண்டு வந்தார்கள். நிலத்தை மீட்கும் முன் அதன் நினைவை மீட்க வேண்டும் என்பது இதன் உட்பொருளாக இருந்திருக்கும். சுட்டியாவில் கைகலப்பு ஏற்பட்டுச் சிலர் கைதாயினர், பிர்சா தப்பினார்.

அதன்பின் இரண்டு ஆண்டுகள் இரவுக் கூட்டங்கள் நடந்தன. டொம்பாரி மலை அவற்றில் முக்கியமானது. ஹோலிப் பண்டிகையின்போது அங்கே ஆங்கில ஆட்சியின் உருவம் எரிக்கப்பட்டது. கூட்டங்களில் எழுந்த கேள்வி ஒன்றே. மனுக்கள் தோற்றுவிட்டன, இனி அமைதி வழியா, ஆயுத வழியா? பிர்சாவின் உபதேசம் சமயத்தைச் சார்ந்து, மனத்தூய்மையை முதன்மையாகக் கொண்டு தொடங்கியது. மூத்த சர்தார்களின் சினமோ பொறுமையின் எல்லையைக் கடந்திருந்தது. அவரே இறுதியில் அம்பைத் தேர்ந்தார். ஆன்மிகத் தலைவராக அவரைப் போற்றுபவர்கள் இந்த இடத்தை விரைவாகக் கடந்துவிட விரும்புவார்கள். போராட்ட வீரராகப் போற்றுபவர்களோ இதிலிருந்துதான் அவருடைய வரலாறே தொடங்குவதாக எழுதுவார்கள். இரு சாராரும் ஒரே மனிதரைத்தான் பேசுகிறார்கள்.

உல்குலன்

1899 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு. சோட்டா நாகபுரியின் பல இடங்களில் ஒரே வேளையில் அம்புகள் பறந்தன, மிஷன் வளாகங்களிலும் தேவாலயங்களிலும் அவை தைத்தன, வீடுகள் எரிந்தன. முண்டாரி மொழியில் இப்பெருங்கிளர்ச்சிக்கு உல்குலன் என்று பெயர். தாக்குண்டவற்றுள் சர்வதாவில் இருந்த கத்தோலிக்க மிஷனும் ஒன்று. அங்கே பணியாற்றியவர் ஜான் பாப்டிஸ்ட் ஹாஃப்மன் என்னும் ஜெர்மானியப் பாதிரியார். முண்டாரி மொழியையும் நிலமுறையையும் ஆழ்ந்து கற்றவர். அம்பெய்தவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

ஜனவரி முதல் வாரத்தில் போராட்டம் காவல்துறையை நோக்கித் திரும்பியது. எட்கேடீ என்னும் ஊரில் கயா முண்டாவின் தலைமையில் திரண்டவர்களால் இரு காவலர்கள் கொல்லப்பட்டார்கள். துணை ஆணையர் ஸ்ட்ரீட்ஃபீல்டு படையுடன் வந்து கயாவின் வீட்டை முற்றுகையிட்டபோது, அவருடைய மனைவி மாக்கியும் வீட்டுப் பெண்களும் கைக்குக் கிடைத்த கருவிகளோடு எதிர்த்து நின்றார்கள். முண்டாப் பெண்கள் வயலில் ஆண்களோடு ஒப்ப உழைப்பவர்கள். போர்க்களத்திலும் அவ்வாறே நின்றதில் வியப்பில்லை. ஜனவரி 7-ஆம் நாள் குந்திக் காவல் நிலையம் தாக்கப்பட்டது. காவலர் ஒருவர் உயிரிழந்தார். கடைக்காரர்களின் வீடுகள் கொளுத்தப்பட்டன.

ஆணையர் ஃபோர்ப்ஸும் துணை ஆணையரும் இராணுவத்துடன் புறப்பட்டனர். 1900 ஜனவரி 9-ஆம் நாள், டொம்பாரிக்கு அருகே சைல் ரகப் குன்றின்மேல் முண்டாக்கள் கூடியிருந்தார்கள். ஆண்களோடு பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். சரணடையும்படி கீழிருந்து அழைப்பு வந்தது; மேலிருந்து மறுப்புச் சென்றது. எதிரியின் குண்டுகள் நீராக மாறிவிடும் என்ற நம்பிக்கை அன்று குன்றின்மேல் இருந்தவர்களிடம் பரவியிருந்தது. குண்டுகள் நீராகவில்லை. கற்களும் அம்புகளும் துப்பாக்கிகளுக்கு எதிரே எவ்வளவு நேரம் நிற்கும்? இறந்தவர்களின் எண்ணிக்கையை அரசு மிகக் குறைவாகக் காட்டியது. அக்காலப் பத்திரிகை ஒன்று 400 பேர் என்று எழுதியது. உண்மை இவ்விரண்டுக்கும் இடையே எங்கோ அக்குன்றின் மண்ணுக்குள் இருக்கிறது. இறந்தவர்களுள் பெண்களும் குழந்தையும் இருந்ததை அரசுத் தரப்பும் மறுக்கவில்லை.

பிர்சா காடுகளுக்குள் மறைந்தார். அவரைப் பிடித்துத் தருபவர்களுக்கு 500 ரூபாய் பரிசு அறிவிக்கப்பட்டது. ஊர்கள் சோதனையிடப்பட்டன, தானியங்கள் பறிமுதல் செய்யப்பட்டன, சீடர்களின் குடும்பங்கள் அலைக்கழிக்கப்பட்டன. 1900 பிப்ரவரி 3-ஆம் நாள், சக்ரதர்பூரை அடுத்த காட்டில் சமையல் புகை எழுவதைக் கண்ட சில ஊரார், அதைப் பின்தொடர்ந்து சென்று உறங்கிக்கொண்டிருந்தவரைப் பிடித்து அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். பரிசுப் பணத்துக்காகவே செய்தார்கள். பஞ்சம் விட்டுச்சென்ற நாட்டில் 500 ரூபாய் என்பது எவ்வளவு பெரிய தொகை என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ராஞ்சி சிறையில்

அவர் விலங்கிடப்பட்டு ராஞ்சிக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது வழியெங்கும் மக்கள் நின்று பார்த்தார்கள். 400-க்கும் மேற்பட்டோர்மீது வழக்குத் தொடரப்பட்டது. விசாரணை தொடங்குவதற்கு முன்பே சிறைக்குள் இறந்தவர்கள் உண்டு. கல்கத்தாவிலிருந்து வந்த ஜேக்கப் என்னும் வழக்கறிஞர் முண்டாக்களுக்காக வாதாடினார். தூக்குத் தண்டனையும் நாடு கடத்தலும் நீண்ட சிறைவாசமும் விதிக்கப்பட்டன. கயாவின் மகன் சான்ரே முண்டா தூக்கிலிடப்பட்டார். மாக்கிக்கு 2 ஆண்டுச் சிறை.

பிர்சா எந்தத் தீர்ப்பையும் கேட்கவில்லை. மே மாதத்தில் அவர் உடல்நலம் குன்றியது. 1900 ஜூன் 9-ஆம் நாள் காலை சிறையிலேயே அவர் உயிர் பிரிந்தது. காலரா என்று சிறை நிர்வாகம் பதிவு செய்தது. நஞ்சிடப்பட்டார் என்ற ஐயம் மக்களிடம் அன்றே எழுந்தது, இன்றுவரை அகலவில்லை. வயது இருபத்தைந்துகூட நிறையவில்லை. உடல் ஊருக்கு அனுப்பப்படவில்லை. ராஞ்சியின் கோக்கர் பகுதியில் சிற்றாறு ஒன்றின் கரையில் அவசரமாக எரிக்கப்பட்டது. முன்னோரின் கல்லுக்காகப் போராடியவருடைய எலும்புகள் தம் குலத்தின் சசன்திரியின் கீழ்ச் சேரவில்லை.

கல்லும் காகிதமும்

கிளர்ச்சி அடங்கியது, ஆனால் அரசின் உறக்கம் கலைந்தது. 1902-ஆம் ஆண்டு முதல் நிலங்கள் ஊர்வாரியாக அளக்கப்பட்டு உரிமைகள் பதிவு செய்யப்பட்டன. நீதி தேடி ராஞ்சி வரை நடக்க வேண்டிய நிலையை மாற்ற, 1905-இல் குந்தி தனி உட்கோட்டமானது. 1908-ஆம் ஆண்டில் சோட்டா நாகபுரிக் குத்தகைச் சட்டம் நிறைவேறியது. முண்டாரி குந்த்கட்டி உரிமை சட்டத்தின் மொழியில் எழுதப்பட்டது. வெட்டி வேலை ஒழிக்கப்பட்டது. பழங்குடியினரின் நிலம் பிறர் கைக்கு மாறுவதற்குத் தடைகள் ஏற்பட்டன. குந்த்கட்டி பற்றிய பகுதிகளை உருவாக்குவதில் அரசு யாரிடம் பெரிதும் கலந்தாலோசித்தது தெரியுமா? சர்வதாவில் எந்த மிஷனின்மீது அம்புகள் பாய்ந்தனவோ, அங்கிருந்த அதே ஹாஃப்மனிடம். பின்னாளில் அவர் முண்டாக்களின் மொழி, சடங்கு, வாழ்க்கை அனைத்தையும் திரட்டிப் பல தொகுதிகள் கொண்ட முண்டாரிக் கலைக்களஞ்சியத்தையும் உருவாக்கினார். தொப்பிகள் எல்லாம் ஒன்றே என்ற கூற்றுக்கு வரலாறு அளித்த மறுமொழி இது. அம்புகள் பறக்காதிருந்தால் அந்தப் பாதிரியாரின் அறிவுரையை அரசு கேட்டிருக்குமா என்பதும் எண்ணத்தக்கதே.

சரத் சந்திர ராய் 1912-இல் வெளியிட்ட முண்டாக்களும் அவர்தம் நாடும் என்னும் ஆங்கில நூலும், அரை நூற்றாண்டுக்குப் பின் ஆட்சிப் பணியாளரும் அறிஞருமான குமார் சுரேஷ் சிங் ஆவணங்களையும் மக்களின் நினைவுகளையும் ஒருங்கே ஆராய்ந்து எழுதிய வரலாறும் பிர்சாவைக் கற்றோருலகுக்குக் கொண்டுவந்தன. மகாசுவேதா தேவியின் வங்காள நாவல் அவரை நாடறியச் செய்தது. 2000-ஆம் ஆண்டில் ஜார்க்கண்ட் மாநிலம் அமைந்தபோது அதற்கென அவருடைய பிறந்தநாளாகிய நவம்பர் 15 தேர்ந்தெடுக்கப்பட்டது. 2021 முதல் அந்நாள் நாடு முழுவதும் பழங்குடியினர் பெருமை தினமாகக் கொண்டாடப்படுகிறது. அவர் உயிர்நீத்த ராஞ்சியின் பழைய சிறை அதே ஆண்டில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

இவை எல்லாவற்றுக்கும் முன்பே, எந்த அரசும் அறிவிக்காமல், அவர் நினைவு ஒரு வாழ்க்கைமுறையாக நிலைபெற்றிருந்தது. பிர்சாயித்துகள் என்னும் சிறு சமூகத்தினர் குந்தி வட்டாரத்தின் மலையூர்களில் இன்றும் வாழ்கிறார்கள். புலாலும் கள்ளும் அவர்கள் வீடுகளில் இல்லை. முற்றத்தில் துளசி இருக்கிறது. வியாழக்கிழமை அவர்கள் ஏர் பூட்டுவதில்லை.